‘ஆஃப்டர் ஆல்’ படும் பாடு

அண்மையில் இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாகச் சில ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்திருந்தோம். ‘ஹி கேம் ஆஃப்டர் ஆல்’ என்பது அவற்றுள் ஒன்று. பாதி வகுப்பு ‘எல்லாருக்கும் பிறகு அவன் வந்தான்’ என்று எழுதியிருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மாணவர்மீது குற்றமில்லை. ஆஃப்டர் என்றால் பிறகு. ஆல் என்றால் எல்லாம். ஆனால் அத்தொடரின் பொருளோ வேறு. வரமாட்டான் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள், அவன் வந்துவிட்டான். தமிழில் இதனைச் சொல்லத் தனித்தொடர் வேண்டியதில்லை. ‘வந்தேவிட்டான்’ என்பதிலுள்ள ஏகாரமே போதும்.

அதே சொற்களைத் தொடரின் தலையில் வைத்தால் பொருள் மாறிவிடுகிறது. ‘ஆஃப்டர் ஆல், ஹி இஸ் எ சைல்ட்’ என்பதில் வியப்பு இல்லை, நினைவூட்டல் இருக்கிறது. கேட்பவருக்கும் தெரிந்த, ஆனால் சினத்தில் அவர் மறந்துவிட்ட ஒரு காரணத்தை எடுத்து வைக்கிறது. ‘குழந்தைதானே’, ‘என்ன இருந்தாலும் குழந்தை அல்லவா’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

இவ்வளவு எளிய வழிகள் இருக்க, மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி தென்படுவது ‘எல்லாவற்றிற்கும் மேலாக’ என்னும் தொடர். அது ‘அபவ் ஆல்’ என்பதற்கு உரியது. ‘எல்லாவற்றிற்கும் மேலாக அவன் ஒரு மனிதன்’ என்று படிக்கும் வாசகர், அவனை ஏதோ மாமனிதன் என்று போற்றுவதாக எண்ணிக்கொள்வார். மூல ஆசிரியர் சொல்ல வந்தது ‘அவனும் மனிதன்தானே’ என்பது. மன்னிப்புக் கோரும் தொடர் பாராட்டுப் பத்திரமாகிவிடுகிறது. இது சிறு பிழையன்று. ஒரு கதையின் உச்சக்கட்டத்தில் வந்தால் கதையே கவிழ்ந்துவிடும்.

இனி, நம்மவர் பேச்சில் இத்தொடர் பெற்ற மூன்றாம் பொருள். ‘ஆஃப்டர் ஆல் ஒரு கிளார்க்’, ‘ஆஃப்டர் ஆல் பத்து ரூபாய்’ என்கிறோம். இங்கே அது ‘கேவலம்’, ‘போயும் போயும்’ என்பவற்றின் வேலையைப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் இந்த இளக்காரம் அத்தொடரின் இயல்பன்று. ஆயினும் இதைத் தவறென்று தள்ள நமக்கு மனமில்லை. கேவலம் என்ற சொல்லே வடமொழியில் ‘தனித்த’, ‘மட்டும்’ என்னும் பொருளுடையதுதான். சமணர் அடைய விரும்பிய உயர்ந்த ஞானத்திற்குக் கேவல ஞானம் என்றே பெயர். அச்சொல் தமிழ்ப் பேச்சில் இழிவுக்கு வந்து சேர்ந்தது. ஆஃப்டர் ஆல் அதே பாதையில் நடக்கிறது, அவ்வளவே.

நம்மை வருத்துவது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் கால அட்டவணை பற்றிய கூட்டமொன்றில், தமிழ்ப் பாடவேளையை ஆய்வக வகுப்புக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்ட நண்பர் ஒருவர், ‘ஆஃப்டர் ஆல் தமிழ்தானே சார்’ என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை; அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. ஆஃப்டர் ஆல், தானே ஆகிய இரண்டில் ஒன்று மிகை என்று இலக்கணக் குறிப்புச் சொல்லும் மனநிலையில் அன்று நாம் இல்லை. குழந்தைக்காகப் பரிந்து பேசும் அதே ‘தானே’ இங்கே மொழியைக் கூனவைத்தது. பாடவேளையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தோம்.

இடைச்சொல்லுக்கென ஓர் இயலையே ஒதுக்கியவர் தொல்காப்பியர். ஏகாரத்திற்கு ஐந்து பொருளும் ஓகாரத்திற்கு ஆறும் சொன்னார். அவற்றை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே நடத்தி முடித்துவிடுகிறோம் நாம். மொழிபெயர்ப்பு வகுப்புக்குள் அவை வருவதே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தால் தமிழிலும் இரண்டு சொல் தேடும் வழக்கத்தை மாணவர்க்குப் பழக்கியவர்கள் நாமேயன்றி வேறு யார்?

அந்தப் பயிற்சித் தாள்களுள் ஒன்றில், ‘அவன் வந்துவிட்டானே!’ என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, ‘எல்லாருக்கும் பிறகு’ என்று திருத்தியிருந்தாள் ஒரு மாணவி. ஏனம்மா அடித்தாய் என்று கேட்டோம். “ஆஃப்டர் ஆல் எங்கே என்று நீங்கள் கேட்பீர்களே ஐயா” என்றாள்.

அடித்த வரிக்கு முழு மதிப்பெண் போட்டோம்.