திறக்கிற பேக்கப்தான் பேக்கப்

கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது கம்பெனிகள் சட்டம், 2013. ஜி.எஸ்.டி. சட்டத்தில், ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள். கம்பெனிக் கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால் தினமும் பேக்கப் எடுத்து, இந்தியாவிலேயே உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. ஆடிட்டர்கள் சொல்லிச் சொல்லி, சின்ன நிறுவனங்களுக்கும் பேக்கப் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. எடுத்ததைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

தினசரி பேக்கப், சிஸ்டம் படுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்கு. இடம் நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்காரும். 7 வருடத்துக்கு முந்தைய பில்லை அதிகாரி கேட்டால் அது உதவாது. அதனால் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் அந்த வருடக் கணக்கைத் தனியாகப் பிரித்து, யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இதற்கு எல்.டி.ஓ. என்னும் காந்த டேப்பை நம்புகின்றன. 30 வருடம் தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் பழைய எல்.டி.ஓ.-6 டேப்பை, பின்னால் வந்த எல்.டி.ஓ.-8 டிரைவ் படிக்காது. பழைய டிரைவ் காயலான் கடைக்குப் போயிருந்தால், பீரோவில் டேப் பத்திரமாக இருந்தும் பயனில்லை. சின்ன அலுவலகங்களில் ஹார்ட் டிஸ்க் மேஜை டிராயரிலேயே கிடக்கும். பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போன அக்கவுன்டன்டோடு போயிருக்கும்.

மின்னணு ஆவணம் பின்னாளில் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. வைத்திருந்தேன் என்று சொல்வது மட்டும் போதாது.

எனவே வருடத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பழைய வருடம் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அதன் ட்ரையல் பேலன்ஸைக் கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்டோடு ஒத்துப்பாருங்கள். நாலு பில்லையும் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அசல் கையில் இருக்கும்போதே மறுபிரதி எடுத்துவிடலாம். டேப்போ டிஸ்கோ பழசானால், படிக்கும் கருவி கிடைக்கும்போதே புதியதற்கு மாற்றிவிட வேண்டும். பாஸ்வேர்டை முதலாளி உறையிலிட்டு வைத்திருக்கட்டும்.

அதிகாரிக்குப் பயந்து செய்கிற வேலையல்ல இது. ஒழுங்காக வரி கட்டியவருக்கு அந்த ஆவணம்தான் சாட்சி. நிறுவனத்தில் உழைத்தவரின் சம்பளப் பதிவும் அதில்தான் இருக்கிறது. பல வருடம் கழித்து பி.எஃப். பாக்கி கேட்டு வருகிறவரிடம் 'ஃபைல் திறக்கவில்லை' என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது.