ஒரு சின்ன பிரேக்

"ஒரு சின்ன பிரேக்குக்குப் பிறகு மீண்டும் சந்திப்போம்!" ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது மைக்கில் நான் சொல்லும் வசனம் இது. இந்த வாரம் நிஜ பிரேக்கைப் பற்றிப் பேசலாம். "எம்ஆர்டி இருக்கும்போது நமக்கெதற்கு வண்டி சமாச்சாரம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கேமரன் மலைக்குப் போனவர்கள் அந்தப் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, சேறு அப்பிய டயர்களோடு தோட்டத்துப் பாதையில் ஊர்ந்து வரும். 1948ல் உலகுக்கு அறிமுகமான அந்த வண்டியின் பழைய வாரிசுகள் இன்னமும் அங்கே உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று என் நண்பரின் சித்தப்பாவுடையது. பிரிஞ்சாங் பக்கம் காய்கறித் தோட்டம். வண்டி சீரிஸ் 3, 88 அங்குல ரகம், டீசல் எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்.

அந்த வண்டியில் பிரேக் பூஸ்டர் கிடையாது. மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை வழிதான். அதாவது, எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். அமெரிக்காவில் 1968லேயே புதிய கார்களுக்கு இரட்டை வழி கட்டாயமாகிவிட்டது. முன்சக்கரத்துக்கு ஒரு வழி, பின்சக்கரத்துக்கு ஒரு வழி. ஒன்று போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் அதே வண்டியில்தான் என்பதால், சித்தப்பா ஒரு பட்டறையில் பூஸ்டரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் மாட்டச் சொன்னார். நல்ல முடிவு. "பெரிய சிலிண்டர், பெரிய பவர்" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஓட்டி வந்தவருக்கு வியர்த்துவிட்டது. பெடல் கல் மாதிரி இருந்தது. முழுப் பலத்தோடு மிதித்தாலும் வண்டி சாவகாசமாகத்தான் நின்றது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு வேறொரு கூத்து. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. டிரம்மில் கை வைக்க முடியாத சூடு.

நண்பருக்கும் எனக்கும் தெரிந்த ஒரே மெக்கானிக், சைனாடவுனில் எங்கள் புளோக்குக்கு அடுத்த புளோக்கில் இருக்கும் சீன அங்கிள். பணி ஓய்வு பெற்றவர். கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவரை, சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மாடியில் ஒரு கோப்பிக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் போனை வாங்கி, சித்தப்பாவிடம் மலாயில் பேச ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுவான மொழி அது. "எதையும் கழற்றாதீர்கள். முதலில் சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றுதான்" என்றார்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் கொஞ்சம் கீழே இறங்கும். சித்தப்பாவின் பெடல் அசையவே இல்லை.

பூஸ்டர் என்பது நடுவில் ரப்பர் திரை வைத்த ஒரு டப்பா. ஒரு பக்கம் காற்றை உறிஞ்சி வெற்றிடம் வைத்திருப்பார்கள். மிதிக்கும்போது மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். நம் காலோடு சேர்ந்து காற்றும் மிதிக்கிறது, அவ்வளவுதான். பெட்ரோல் எஞ்சினில் அந்த உறிஞ்சுதல் தானாகவே கிடைக்கும். உள்ளே போகும் காற்றை திராட்டில் மறிப்பதால் அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. சாதாரண டீசல் எஞ்சினில் அந்த மறிப்பு இல்லை. தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். பட்டறையில் ஹோஸை எஞ்சினின் காற்றுக் குழாயில் சொருகிவிட்டு, வேலை முடிந்தது என்று அனுப்பியிருக்கிறார்கள். பூஸ்டர் வெறும் அலங்காரம்.

இரண்டாவது, சிலிண்டரின் விட்டம். இங்கேதான் 'பெரிசு என்றால் நல்லது' என்ற கணக்கு தலைகீழாகிறது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சை நினைத்துப் பாருங்கள். மெல்லிய சிரிஞ்சை லேசாக அழுத்தினாலே மருந்து பீறிடும். ஆனால் நீளமாகத் தள்ள வேண்டும். தடித்த சிரிஞ்சில் கொஞ்ச தூரமே போதும். ஆனால் அதே வேகத்துக்கு அதிக பலம் வேண்டும். பழைய சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம். புதியது ஒரு அங்குலம். பரப்பளவு 1.78 மடங்கு. அதே காலால் அதே அளவு மிதித்தால் ஆயிலில் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு அங்குல சிலிண்டர், நீளமான 109 அங்குல லேண்ட் ரோவருக்குச் சரி. அதன் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் இருப்பதால் நிறைய ஆயில் தேவை. 88க்கு அது அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்ட கதை.

மூன்றாவது, சூடு. பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள ஒரு சிறு கம்பி வரும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை திறக்கும். கம்பி மயிரிழை நீளமாக இருந்தாலும் துளை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பிரேக்கை அழுத்தும், அதனால் இன்னும் சூடாகும். கடைசியில் வண்டியே நகராது.

இதற்கும் அங்கிளிடம் ஒரு எளிய சோதனை இருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சக்கரம் உடனே விட்டால் குற்றவாளி பெரும்பாலும் கம்பிதான். விடாவிட்டால் ஹோஸிலோ சக்கரத்திலோ தேட வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு சித்தப்பா தளர்த்தினார். சக்கரம் விட்டது.

ஆக, ஒரே வண்டியில் மூன்று கோளாறு. பெடல் கல்லானதற்கே இரண்டு காரணம். ஒன்றை மட்டும் சரிசெய்து 'அப்படியும் சரியாகவில்லையே' என்று சோர்ந்துபோவது எவ்வளவு எளிது! அதனால்தான் வரிசையாகச் சோதிக்கச் சொன்னார்.

வேறொரு பட்டறையில் வேக்கம் பம்ப் பொருத்தி, 88க்கு ஏற்ற சிறிய விட்டமுள்ள இரட்டை சிலிண்டர் மாட்டி, கம்பியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டார்கள். டிரம்களை அட்ஜஸ்ட் செய்தார்கள். இந்த வண்டியில் அது தானாக நடக்காது. பிறகு புது ஆயில் ஊற்றி, காற்றுக்குமிழி போகும்வரை ஏர் எடுத்தார்கள்.

நம் கார்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140க்கு இறங்கலாம். மலைச்சரிவில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினையும் பிரேக்காகப் பயன்படுத்துங்கள். ஓடும்போது எஞ்சின் நின்றுபோனால் பெடலை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

சிங்கப்பூரில் 10 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு, பிரேக் உட்பட. ஆனால் பரிசோதனை நாளுக்கும் அடுத்த பரிசோதனை நாளுக்கும் நடுவில் காவல் நம் கால்தான். பெடல் வழக்கத்தைவிட இறங்கினாலோ, இறுகினாலோ, முதலில் உணர்வது அதுவே. வண்டியில் எதையாவது மாற்றுவதாக இருந்தால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முதலில் பாருங்கள்.

சென்ற வாரம் சித்தப்பா தாப்பாவரை மூட்டைகளோடு இறங்கிவிட்டு வந்தார். அடிவாரத்தில் நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கொண்டுபோய்ப் பார்த்தாராம். நான்கும் ஒரே மாதிரி இளஞ்சூடு. செய்தியை அங்கிளிடம் சொன்னோம். சதுரங்கப் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஆயில் அளவைத் திரும்பப் பார்த்தாரா?"