வேளாண் அமைச்சரும் நகர மக்களும்

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் ஆகிய ஊர்களின் ஏரிகள் முன்னாளில் வயல்களுக்கு நீர் பாய்ச்சின. இன்று அவ்வயல்களில் வீடுகள் நிறைந்துள்ளன. ‘ஏர் பிடியாத நமக்கு வேளாண் அமைச்சரால் ஆவதென்ன?’ என்பர் சிலர். அக்கூற்றுப் பொருந்தாது.

அயலார் ஆட்சியில் வேளாண்மைத் துறையை அதிகாரிகளே நடத்தினர்; மக்களுக்கு விடை கூறும் கடப்பாடு அவர்களுக்கு இல்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டமே, அத்துறையைச் சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சரிடம் ஒப்படைக்க வழி செய்தது. 2021 ஆகஸ்டு 14ஆம் நாள், தமிழ்நாட்டில் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை முதன்முதலாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்றது. அங்கே அமைச்சரை வினவும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்போருள் தாம்பரத்து மக்களும் உளர்.

உழுவோர் தொகை குறையினும் உண்போர் தொகை குறைவதில்லை. ஆதலின், நெல்லையும் நீரையும் பற்றிக் கேட்பது நகரத்தார்க்கும் கடமையாகும்.