ஓடுகிறவர் கையில் ஊசி

பந்தயத்தில் ஓடுகிறவர்கள் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்லும்போதெல்லாம், பென்னாகரத்தில் பஸ் ஏறித் தருமபுரியில் இறங்கினால் ரெடிமேடாகக் கிடைக்கிற டீ-சர்ட்டுக்கும் டிராக்ஸுக்கும் எதற்காக இத்தனை பிரயாசைப்பட வேண்டும் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆயினும், எனக்கு வேண்டிய ஓட்ட உடுப்பை வீட்டு மெஷினில் நானே வெட்டித் தைத்து, அதையே அணிந்து பந்தயங்களில் ஓடி வருகிற எனக்கு, இது சிக்கனத்துக்காகச் செய்கிற காரியமாகவோ பொழுதுபோக்காகவோ தோன்றுவதில்லை. ஓட்டப் பயிற்சியின் ஓர் அங்கமாகவே தோன்றுகிறது. அதன் காரணத்தை இந்த வாரம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நடக்கும்போது நம் நினைவுக்கே வராத உடை, ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தன்னை நினைவூட்டிக்கொண்டே வரும். கடைவீதிக்குப் போய் வருகிற வரையில் உறுத்தாத ஒரு தையல் மடிப்பு, பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் அக்குளிலும் உள்தொடையிலும் ஆயிரக்கணக்கான முறை உராய்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும். வியர்வை உலர்ந்து படிகிற உப்பும் சேர்ந்துகொண்டால், குளிக்கிறபோது தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரியும். பருத்தி நம் சரீரத்துக்கு இதமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், சாதாரண நிலையிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு. பாலியெஸ்டர் ஏற்பதோ சுமார் 0.4 சதவீதந்தான். ஆகவே பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ள, பாலியெஸ்டர் பின்னல் துணியிலோ வியர்வை இழைகளின் இடுக்கு வழியே வெளிப்புறம் பரவி, காற்றுப் பட்டு உலர்ந்துவிடுகிறது. சித்திரை மாதத்தில் காலை எட்டு மணி வெயிலில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இராது.

இந்தத் துணி நம் கைக்கு எட்டாத அபூர்வ வஸ்து அல்ல. பிழைப்புத் தேடித் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போய் வருகிற குடும்பங்கள் நம் வட்டாரத்தில் அநேகம். ஏற்றுமதிக்குப் பின்னி மிஞ்சிய துணி அங்கே கிலோக் கணக்கில் விலைக்குக் கிடைக்கிறது. துணியைக் காட்டிலும் அருமையானது, அவர்கள் கையோடு கொண்டுவருகிற தொழில் ஞானம். ஓவர்லாக் மெஷினிலும் பேட்லாக் மெஷினிலும் பல வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய எங்கள் தெரு அக்கா ஒருவர்தாம் இந்த வித்தையின் முதல் பாடங்களை எனக்குச் சொல்லித் தந்தார். “பனியன் துணி இழுத்தா வரும், விட்டா போகும் கண்ணு, தையலும் அதோட சேர்ந்து போய் வரணும், இல்லேன்னா ரெண்டாம் நாளே தெறிச்சிடும்” என்று அவர் சொன்னது, பின்னல் துணித் தையலின் சாஸ்திரம் முழுவதையும் அடக்கிய வாக்கியம்.

துணியை வெட்டுமுன் ஒருமுறை அலசி உலர்த்தி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இரு கையாலும் இழுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் அதிகமாக இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வருமாறு விரித்துப் போட வேண்டும். கூர்முனை ஊசி பின்னலின் கண்ணிகளை அறுத்துப் பொத்தலாக்கிவிடும் என்பதால், இழைகளை விலக்கிக்கொண்டு இறங்குகிற உருண்டை முனை ஊசியைப் பூட்ட வேண்டும். நேர்த்தையல், துணி விரிகிறபோது தான் விரியமாட்டாமல் அறுந்துபோகும். ஆதலால் குறுகிய ஜிக்ஜாக் தையல் அவசியம். கால்சட்டையைப் பொறுத்தவரை, நான்கு தையல்களும் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து கூடுவதுதான் உராய்வுக்கு மூல காரணம். அந்த இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் தையல்கள் விலகிப் போவதோடு, காலை எட்டி வைக்கவும் தாராளமாக இடம் கிடைக்கிறது. பந்தய எண்ணை ஊக்கால் குத்துகிறபோது மெல்லிய துணி கிழிந்துபோகாமலிருக்க, ஊக்கு இறங்குகிற நான்கு இடங்களிலும் உள்பக்கம் சிறு துணி வைத்துத் தைத்துவிடுவது என் வழக்கம். இவ்வளவும் ஆன பிறகு கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது; குந்தி எழுந்து, கையை வீசி, ஒகேனக்கல் சாலையில் புளியமரங்களின் நிழலோடு கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வந்து, தோல் சிவந்திருக்கிற இடம் எது என்று ஜாக்கிரதையாகப் பார்த்து, அந்த இடத்துத் தையலைப் பிரித்து நகர்த்த வேண்டும். உலகத்தின் எந்தப் பெரிய கம்பெனியும் எனக்காகச் செய்து தர முடியாத காரியம் இந்தக் கடைசிக் காரியந்தான். ஏனெனில் அந்தச் சிவப்பு என் தோலில் இருக்கிறது.

ஓடுகிறவரே ஊசியைக் கையில் எடுத்ததனால் உலகத்துக்குக் கிடைத்த நன்மைக்குச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1977ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரத்தில், ஓட்டத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்ட லிசா லிண்டால் என்ற பெண்மணி, ஓடுகிறபோது மார்புக்குத் தாங்கல் தரக்கூடிய உள்ளாடை எதுவும் கடையில் கிடைக்காத சங்கடத்தைத் தம் தோழி பாலி ஸ்மித்திடம் சொன்னார். பாலி ஸ்மித் நாடக உடைகள் தைப்பவர். அவருக்கு உதவியாக இருந்தவர் ஹிண்டா மில்லர். ஆண் விளையாட்டு வீரர்கள் உள்ளே அணிகிற எலாஸ்டிக் கச்சைகள் இரண்டை வாங்கி, பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, பட்டைகள் முதுகில் குறுக்காகச் செல்லுமாறும், தையல் மடிப்புகள் தோலில் படாமல் வெளிப்புறம் வருமாறும் அம்மூவரும் அமைத்த அந்த ஆடைதான் இன்று உலகமெங்கும் பெண்கள் அணிகிற ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு மூலம். 1979இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2022இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் மூவருடைய பெயர்களும் இடம்பெற்றன. பெண்கள் ஓட்டத்தை நூறாயிரம் பேர் புகழ்ந்து பேசியதனால் விளையாத நன்மை, ஒரு தையல் அறையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து துணியைப் பிரித்துத் தைத்ததனால் விளைந்தது.

புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரை நம் தலைமுறையினர் அறிவார்கள். தையல் தொழில் செய்த தாய்க்குப் பிறந்த அவர், ஒரு காலை மட்டும் முழுமையாக மூடி மற்றொரு காலைத் திறந்துவிட்ட தம் ஓட்ட உடைகளைத் தாமே வடிவமைத்தவர். 1988 ஜூலை 16ஆம் தேதி இண்டியானாபொலிஸ் நகரத்தில் அப்படிப்பட்ட உடையில்தான் நூறு மீட்டர் தூரத்தை 10.49 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். உடையா அவரை ஓட வைத்தது என்று கேட்டால், இல்லை. ஆனால், தன் உடையைத் தானே தீர்மானித்துக்கொண்டு பந்தயக் கோட்டில் வந்து நிற்கிறவருக்கு இருக்கிற மனத் திடம் ஒரு தனிப் பலம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மெக்சிகோவின் மலைகளில் வாழ்கிற ராராமுரி என்னும் பழங்குடியினரின் ஓட்டம் பிரசித்தமானது. அவர்களுடைய பெண்கள், தாங்களே தைத்த அகன்ற பாவாடைகளை அணிந்துதான் நெடுந்தூரம் ஓடுகிறார்கள். அந்த இனத்தைச் சேர்ந்த லொரேனா ராமிரெஸ் என்ற இளம்பெண், 2017இல் பூப்லா மாநிலத்தில் நடந்த 50 கிலோமீட்டர் மலையோட்டத்தில், பாவாடையும் ரப்பர் செருப்புமாக ஓடிப் பெண்களில் முதலாவதாக வந்தார். விலையுயர்ந்த காலணிகளும் உடைகளும் அணிந்த போட்டியாளர்கள் பின்தங்கினார்கள். டயர்ச் செருப்போடு காடு மேடெல்லாம் நடந்து பழகிய முன்னோர்களைப் பெற்ற நமக்கு, அந்தப் பெண்ணின் வெற்றி அந்நிய தேசத்துச் செய்தியாகவே தோன்றுவதில்லை.

நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன்; என் மனத்தை மிகுதியும் வருத்துகிற விஷயம் இது. ஐந்தாம் வகுப்பு வரையில் மான்குட்டிபோல ஓடித் திரிகிற பெண், வயதுக்கு வந்த பிறகு குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தயங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் உடை ஒரு பிரதான காரணம் என்பதைப் பெண்களாகிய நாங்கள் வெளியே சொல்வதில்லை. அரைக்கால் சட்டை அணிய அவளுக்குச் சங்கோசம், வீட்டார் சம்மதிப்பதுமில்லை. சுரிதாரும் அதன்மேல் கோட்டும் அணிந்து ஓடினாலோ துணி காலைச் சுற்றுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழ் வரையில் நீண்ட, உடம்பைப் பிடிக்காத, ஆனால் காலைத் தடுக்காத ஓர் உடையை அவளுடைய அளவுக்கே தைத்துக் கொடுப்பதை எந்த விதி தடை செய்கிறது? உலகத் தடகளச் சம்மேளனத்தின் விதி முக்கியமாகக் கேட்பவை, உடை சுத்தமாக இருக்க வேண்டும், ஆட்சேபத்துக்கு இடமில்லாதபடி அமைந்திருக்க வேண்டும், நனைந்தாலும் ஊடு தெரியாத துணியாக இருக்க வேண்டும் என்பனவே. எவ்வளவு நீளம், எவ்வளவு தளர்ச்சி என்பவற்றை ஓடுகிற பெண்ணே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தத் தீர்மானம் அவள் கையில் இருந்தால், அவள் ஓட்டத்தைக் கைவிட வேண்டிய நிர்ப்பந்தங்களில் ஒன்றாவது தீரும்.

இந்த வட்டாரத்தில் சுயமுயற்சியைப் பற்றிப் பேசுகிற எவரும் பாப்பாரப்பட்டியை மறந்துவிட முடியாது. 1908இல் வ.உ. சிதம்பரம் பிள்ளையோடு தண்டனை பெற்றுச் சிறை புகுந்து, அங்கே தொழுநோய்க்கு ஆளாகி, அந்நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடை செய்யப்பட்ட பிறகு, கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று தேசாபிமானத்தை வளர்த்த சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23ஆம் தேதி அந்த ஊரில்தான் உயிர் நீத்தார். நமக்கு வேண்டியதை நம் கையாலேயே செய்துகொள்வதில் ஒரு கௌரவம் உண்டு என்பதே சுதேசியத்தின் உட்பொருள் என்று நான் நம்புகிறேன். இன்று நான் தைக்கிற துணி கதராக இல்லாமற் போகலாம். அந்த உட்பொருள் அதனால் கெட்டுவிடவில்லை.

கடையில் வாங்கி அணிகிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நல்ல காலணியை வீட்டில் தைத்துவிட முடியாது. அதற்குச் செலவிடத்தான் வேண்டும். பெங்களூரில் 2008 முதல் நடந்து வருகிற பத்துக் கிலோமீட்டர் பந்தயமானாலும், நம் மாவட்டத்தில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி நடக்கிற நெடுந்தூர ஓட்டமானாலும், கோட்டில் நிற்கிற ஆயிரம் பேரும் ஆயிரம் விதமான உடல் வாகு உடையவர்கள். நான்கைந்து அளவுகளில் வெட்டித் தள்ளிய உடுப்பு அவர்கள் எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பதே நான் சொல்ல வந்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைத்துத் தருகிறவர்கள், சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். ஓட்ட உடுப்பு தைப்பதற்கும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிதோறும் ஓட விரும்புகிற பெண்களுக்கு அவரவர் அளவில் தைத்துத் தரச் செய்வது அரசாங்கத்துக்குப் பெரிய காரியமன்று. உடற்கல்வி ஆசிரியரும் தையல் ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்து உட்கார்ந்தால், எட்டாம் வகுப்புப் பெண் தன் உடுப்பைத் தானே தைக்கக் கற்றுக்கொள்வாள். அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: உங்கள் தெருவில் ஓட ஆசைப்படுகிற பெண் ஒருத்தி நிச்சயமாக இருப்பாள், அடுத்த குறுவட்டப் போட்டிக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு அளவெடுங்கள்.