பூட்டிய பட்டியல்கள்

நூற்பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட்டால் நூலகத்தின் கடமை முடிந்தது என்னும் எண்ணம் தமிழ்க் கல்வியுலகில் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று. ஆய்வுக்குக் கேடு விளைவிப்பதுமாகும்.

மனிதர் திரையிற் பார்க்கத்தக்க பட்டியல் வேறு. பிறிதொரு கணினி வினவி விடைபெறத்தக்க பட்டியல் வேறு. பின்னதற்கு வழிசமைப்பதே ஏ.பி.ஐ. எனப்படும் இணையச் சேவை இடைமுகம். ஒரு நூலின் ஐ.எஸ்.பி.என். எண்ணை அனுப்பினால், ஓப்பின் லைப்ரரி தன்னிடமுள்ள ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு முதலிய விவரங்களைக் கட்டணமின்றித் தருகின்றது. 2001இல் வெளிவந்த ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். நெறிமுறையோ, ஒரு களஞ்சியத்தின் விவரணங்களை மற்றொன்று மொத்தமாகத் திரட்டிக்கொள்ள இடமளிக்கின்றது.

இச்சேவைகள் பிறரிடமிருந்து பெறுவதற்கே உரியன எனக் கருதுவோர் உளர். அவர்கள் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். ஐ.எஸ்.பி.என். பன்னாட்டு நியமமாகியது 1970இலேயே. அதற்கு முன் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சான நூல்களும் துண்டுப்பிரசுரங்களும் அவ்வெண் இன்றியே வெளிவந்தன. அவற்றை வைத்திருக்கும் நூலகங்கள் விவரம் தராதவரை, வெளியுலகின் கணினிகளைப் பொறுத்தவரையில் அவை இல்லாத நூல்களே.

பெயர்களின் நிலையும் இதுவே. பேராசிரியர் க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியாயிற்று. அந்நூலிலுள்ள பெயரின் எழுத்துக்கூட்டலும், அவருடைய தமிழ் நூல்களை நூலக முறைப்படி உரோம எழுத்திற் பெயர்க்கையில் வரும் எழுத்துக்கூட்டலும் வெவ்வேறானவை. இணைப்பார் இல்லையெனின், இயந்திரம் ஒருவரை இருவராகக் கொள்ளும். வியாஃப் என்னும் பன்னாட்டுப் பெயர்க்கோப்பு இத்தகைய வடிவங்களை ஒன்றிணைப்பதற்கென்றே அமைந்தது. ஆயினும், நூலகங்கள் கொடுத்ததையே அது இணைக்கும். தமிழறிந்த நூலகர் கொடாததை வேறெவர் கொடுப்பர்?

பணமில்லை என்பது முதல் மறுப்பு. கோஹா, டிஸ்பேஸ் ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள். இரண்டிலும் இவ்வசதி உண்டு. டிஸ்பேஸைக் கொண்டு களஞ்சியம் அமைத்த பல்கலைக்கழகங்கள் இலங்கையிலேயே உள்ளன. கதவு ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது அதனைத் திறக்கும் துணிபே. உழைப்பைப் பிறர் கவர்ந்துகொள்வர் என்பது அடுத்த மறுப்பு. நூலின் தலைப்பும் ஆண்டும் எவருடைய தனியுடைமையுமல்ல. கண்டடையப்படுவதற்கே பட்டியல், காக்கப்படும் இரகசியம் பட்டியலாகாது.

2005இல் தன்னார்வலர்கள் தொடக்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் சேகரித்து வருகின்றது. பல்கலைக்கழகப் பட்டியல்களும் அதன் பதிவுகளும் ஒன்றையொன்று வினவுமாயின், இன்னும் எண்ணிமமாகாத அரிய நூல் எந்த அடுக்கில் உள்ளதென்பது எளிதிற் புலனாகும். இன்று அதனை ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கியே அறியவேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நூல்களைப் பல படிகளாக்கிக் காக்கவேண்டும் என்ற பாடத்தை அனைவரும் கற்றனர். எவை இருந்தன என்னும் அறிவையும் அவ்வாறே காக்கவேண்டும் என்ற பாடம் இன்னும் கற்கப்படவில்லை. ஒரே கணினியில் முடங்கிய பட்டியல் அக்கணினியோடு அழியும். பலர் திரட்டிக்கொண்ட பட்டியலோ கட்டடம் வீழினும் வாழும். அதனைப் பூட்டி வைப்போர், தாம் பாதுகாவலர் எனச் சொல்லிக்கொள்ளும் உரிமையை இழக்கின்றனர்.