துடிப்புக்கும் எண்ணுக்கும் இடையிலுள்ள பெட்டி

பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் மூன்று கிண்ணங்கள் சுழல்கின்றன. இரண்டு தளங்களுக்குக் கீழே, ஆய்வகத்துக் கணினித் திரையில் 8.00 என்ற எண் தோன்றுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, சுவரில் பொருத்திய சாம்பல் நிறப் பெட்டிக்குள், உள்ளங்கையில் அடங்கும் மாற்றி ஒன்று இருக்கிறது. காற்றுமானி தரும் துடிப்புகளை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றுவது அதன் பணி. ஆய்வேட்டில் காற்றுமானியின் வகை குறிக்கப்படும். கம்பத்தின் உயரம் குறிக்கப்படும். தரவைப் பகுத்த மென்பொருளின் பதிப்பு எண்கூடத் தவறாமல் இடம்பெறும். மாற்றியைப் பற்றி மட்டும் பொதுவாக ஒரு வரியும் இராது. காற்றின் வேகம் காற்றுமானியால் அளக்கப்பட்டது என்ற ஒற்றை வாக்கியத்துடன் முறையியல் இயல் நகர்ந்துவிடும்.

அந்த வாக்கியம் முழு உண்மையன்று. கிண்ணம் வேகத்தை அளப்பதில்லை. அது சுழல்கிறது, அவ்வளவே. சுழற்சியை ஒரு சுருளோ, காந்த ஸ்விட்சோ, ஒளியுணர்வியோ துடிப்பாக்குகிறது. துடிப்பை வேகமாகப் பெயர்ப்பது மாற்றிக்குள் யாரோ ஒருநாள் பதிந்துவைத்த இரண்டு எண்கள். அந்த யாரோ பெரும்பாலும் ஆய்வாளர் அல்லர்.

கிண்ணத்துக்கும் காற்றுக்கும் இடையிலான இந்தப் பெருக்கெண் தொடக்கத்திலிருந்தே சிக்கலுக்குரியது. அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் பணியாற்றிய தாமஸ் ராம்னி ராபின்சன் 1846இல் நான்கு கிண்ணக் காற்றுமானியை அறிமுகப்படுத்தியபோது, கிண்ணத்தின் அளவோ கையின் நீளமோ எதுவாயினும் காற்று கிண்ணத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில் செல்கிறது என்று நம்பினார். எளிமையான எண், ஆகவே உலகம் ஏற்றுக்கொண்டது. பெருக்கெண் கருவிக்குக் கருவி மாறும் என்பது பின்னரே தெளிந்தது. அதற்குள் பல ஆண்டுக் காற்றுப் பதிவுகள் மிகையான மதிப்புகளோடு அச்சேறிவிட்டன. கிண்ணங்கள் ஒழுங்காகவே சுழன்றன. பெயர்ப்பில்தான் பிழை. 1926இல் கனடாவின் ஜான் பேட்டர்சன் மூன்று கிண்ண வடிவத்தை முன்வைத்த பிறகு கருவி மேம்பட்டது; ஆனால் துடிப்பை வேகமாக்கும் எண்ணை யார் இட்டார், எந்தச் சான்றின்படி இட்டார் என்ற கேள்வி மட்டும் இன்றைய ஆய்வகப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது.

உலகெங்கும் காற்றுவள ஆய்வுக் கம்பங்களில் நெடுங்காலம் பயன்பட்ட ஒரு வகைக் கிண்ணமானியை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பரவலாக வழங்கும் விதி: அதிர்வெண்ணை 0.765ஆல் பெருக்கி, 0.35ஐக் கூட்டினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம் கிடைக்கும். 10 ஹெர்ட்ஸ் வந்தால் வேகம் சரியாக 8 மீட்டர். மாற்றியின் வீச்செல்லை 0 முதல் 50 மீட்டர் என்றிருந்தால், இந்த 8 மீட்டர் 6.56 மில்லிஆம்பியராக வெளிவரும். அதை 250 ஓம் மின்தடையின் வழியே செலுத்தினால் 1.64 வோல்ட். தரவுப் பதிவி அந்த வோல்ட்டை மீண்டும் 8 மீட்டராக்குகிறது. ஆக, மூலம் ஒன்று, படிகள் மூன்று. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதத்தை அஞ்சியது எதற்காக என்று அறிந்த சமூகத்துக்கு இதன் ஆபத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சுவடியில் பிழைபட்ட சொல் பொருளின்மையால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 8.00க்குப் பதில் 6.67 என்று வரும் எண்ணோ எந்த ஐயத்தையும் எழுப்பாது.

அந்த 6.67 கற்பனையன்று, எளிய கணக்கு. மாற்றியில் வீச்செல்லை 60 மீட்டர் என்று அமைந்திருக்க, தரவுப் பதிவியில் 50 என்று எழுதப்பட்டிருந்தால் 8 மீட்டர் காற்று 6.67 ஆகத்தான் பதிவாகும். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப அமைவதால், அந்த இடத்தின் ஆற்றல் 42 விழுக்காடு குறைந்து காட்டும். 0.35 என்ற கூட்டெண்ணை இரு இடங்களிலும் இட மறந்தால் வேகம் 7.65, ஆற்றல் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. மாற்றியில் ஒருவரும், பதிவியில் மற்றொருவரும் அதே எண்ணைக் கூட்டிவிட்டால் 8.35, ஆற்றல் ஏறத்தாழ 14 விழுக்காடு மிகை. ஆண்டுச் சராசரியில் இவை அனைத்தும் நம்பத்தக்கவையாகவே தோன்றும்.

இன்னும் நுட்பமான கண்ணி அந்த 250 ஓம் மின்தடை. கடைத்தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 5 விழுக்காடு வகையை மாட்டினால், வேகத்திலும் 5 விழுக்காட்டுப் பிழைதானே வரும் என்று எண்ணத் தோன்றும். அப்படி நிகழ்வதில்லை. அளவின் தொடக்கமே 4 மில்லிஆம்பியர் என்பதால் அந்தத் தொடக்கத்தின் பிழையும் வேகத்தின் மேல் ஏறும். மின்தடை 5 விழுக்காடு கூடுதலாக இருந்தால் 1.64 வோல்ட் 1.722 ஆகும், பதிவியோ 9.03 மீட்டர் என்று எழுதும். வேகத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு, ஆற்றலில் 44 விழுக்காடு மிகை. காற்றே வீசாத இரவிலும் 0.6 மீட்டருக்குச் சற்று மேல் காட்டிக்கொண்டிருக்கும். 0.1 விழுக்காடு வகை மின்தடையின் விலை கூடுதல்தான். ஒரு தேநீர்ச் செலவைப் பெரிதாக மீறாது.

சுருள் வகைக் காற்றுமானிகளுக்கு மற்றொரு இயல்பு உண்டு. கிண்ணம் மெல்லச் சுழலும்போது அவை தரும் மின்னழுத்தமும் மெலிதாகவே இருக்கும். மாற்றியின் நுழைவு அந்த மெல்லிய அலையை உணராவிட்டால் இளங்காற்று முழுவதும் அமைதி என்று பதிவாகும். உணர்திறனை மிகைப்படுத்தினாலோ, பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை மாற்றி எண்ணத் தொடங்கிவிடும். மேற்கண்ட விதியில் 50 ஹெர்ட்ஸ் என்பது 38.6 மீட்டர். இலை அசையாத நள்ளிரவில் புயற்காற்று வீசியதாகப் பதிவு இருந்தால், வளிமண்டலவியல் விளக்கம் தேடுமுன் கம்பி சென்ற வழியைப் பார்ப்பது நலம். உறையிட்ட கம்பியின் உறையை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்புச் செய்வது, மின்வழங்கல் கம்பியிலிருந்து அதை விலக்கிக் கொண்டுசெல்வது போன்ற எளிய ஒழுக்கங்கள் பாடநூலில் உள்ளவைதாம். காற்றுத்திசை காட்டியின் கதை வேறு: 359 பாகைக்கும் 1 பாகைக்கும் இடையே ஊசலாடும் வடகாற்றை மாற்றியின் வடிப்பான் சராசரியாக்கினால் 180 பாகை, அதாவது தென்காற்று, கிடைக்கும். அதை இங்கே விரித்தால் முடியாது.

புயலில் நிகழ்வது இவற்றினும் கொடிது. தொலைவிடங்களில் கம்பங்கள் 12 வோல்ட் சூரியமின் கலத்தை நம்பி நிற்கின்றன. மாற்றி இயங்கவே 8 வோல்ட் தேவைப்பட்டால் எஞ்சுவது 4 வோல்ட்; 250 ஓம் மின்தடையில் அது 16 மில்லிஆம்பியருக்கு மேல் செலுத்த இயலாது. ஆகவே 37.5 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 135 கிலோமீட்டருக்கு மேல், எவ்வளவு வீசினாலும் பதிவு ஒரே நேர்கோடாக நிற்கும். மின்வழங்கலைச் சரிசெய்தாலும் 50 மீட்டர் வீச்செல்லை என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் மட்டுமே. 2019 மே 3 அன்று பூரிக்கு அருகே ஃபானி கரையைக் கடந்தபோது 205 கிலோமீட்டர் வரையிலான வன்வீச்சை இந்திய வானிலைத் துறை குறிப்பிட்டது. அது 57 மீட்டர். ஒடிசாக் கரையில் 50 மீட்டர் எல்லையோடு நிறுவப்படும் மாற்றி எந்த நாளுக்காக நிறுவப்பட்டதோ அந்த நாளிலேயே வாய்மூடிவிடும். போதாக்குறைக்கு, வன்வீச்சு என்பது 3 வினாடிச் சராசரியின் உச்சம். அலை அடங்கிக் காட்டட்டும் என்று மாற்றியில் 10 வினாடி வடிப்பான் இட்டிருந்தால் அந்த உச்சம் பதிவாகாமலே மழுங்கும். கட்டடங்களின் காற்றுச்சுமை இத்தகைய உச்சங்களிலிருந்து கணிக்கப்படுகிறது என்பதை அந்த வடிப்பானைத் திருகியவர் அறிந்திருப்பாரா?

இந்நாட்டில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1948இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி, இறக்குமதியை நம்பியிருந்த வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே உருவாக்கவும் அவற்றைத் தரப்படுத்தவும் பெரும்பணி ஆற்றினார். ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்கள் அவர் காலத்தில் தரப்படுத்தப்பட்டன. பின்னர், 1983இல், மூலியுடன் இணைந்து இந்தியாவின் காற்றாற்றல் தரவுகளை நூலாக வெளியிட்டார். அந்த வரிசை முக்கியமானது: கருவியின் நேர்மை முதலில், தரவு நூல் பிறகு. இன்றைய ஆய்வுச் சூழல் அவ்வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 2025இல் 50 ஜிகாவாட்டைக் கடந்துவிட்டது. காற்று முன்கணிப்புக்கு ஆழ்கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கட்டுரைகள் பெருகுகின்றன. பிழை அளவீட்டை இரண்டாம் தசமத்தில் குறைத்ததாகப் பெருமை கொள்ளும் கட்டுரையாளரிடம், உள்ளீட்டுத் தரவு எந்த மாற்றியின் வழியே வந்தது என்று கேட்டால் விடை வராது. கேட்பவரும் அரிது. வழிகாட்டிகள் கேட்பதில்லை, வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் கேட்பதில்லை. கம்பியிணைப்பு ஆய்வக உதவியாளரின் வேலை, சிந்தனை ஆய்வாளரின் வேலை என்ற பழைய ஏற்றத்தாழ்வு இங்கே அறிவுத்துறைப் பிழையாக முற்றுகிறது. எல்லா எண்களையும் அறிந்த உதவியாளர் ஓய்வுபெறும் நாளில் பெட்டியின் மூடிக்குள் பென்சிலால் எழுதிய இரண்டு எண்களே எஞ்சும். அடுத்த வண்ணப்பூச்சில் அவையும் போகும்.

இதெல்லாம் பழைய தொழில்நுட்பத்தின் நோய், எண்ணிமத் தொடர்புக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு மறுப்பு எழும். அது பாதி உண்மை. மின்னோட்டச் சமிக்ஞை இன்றும் ஒழியாமைக்குக் காரணங்கள் உண்டு: நீண்ட கம்பியின் மின்தடையால் அது குறைவதில்லை, கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகி, காற்றில்லாமைக்குரிய 4 மில்லிஆம்பியரிலிருந்து தெளிவாக வேறுபடும், பாரந்தூக்கியையோ காற்றாலையையோ நிறுத்த ஆணையிடும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் அதற்கான நுழைவு ஏற்கெனவே இருக்கிறது. மாற்றி இழிந்த கருவியன்று. கட்டுப்பாட்டுக்கு ஏற்ற வழியை ஆய்வுக்கும் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் தவறு. எண்ணிமக் கருவிக்குள்ளும் அதே பெருக்கெண்ணும் கூட்டெண்ணும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பென்சில் குறிப்பும் இராது.

துடிப்பு நுழைவுள்ள தரவுப் பதிவி கிடைக்குமாயின் துடிப்பையே எண்ணிச் சேமிப்பது ஆய்வுக்கு உகந்தது. ஒரு வினாடியில் எண்ணினால் ஒரு துடிப்பின் ஐயம் 0.765 மீட்டர் வரை இருக்கும்; 10 நிமிடத்தில் எண்ணினால் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கும். மூலத் துடிப்பு கையிலிருந்தால், சான்றிதழில் பெருக்கெண் திருத்தப்படும் நாளில் பத்தாண்டுத் தரவையும் மீளக் கணக்கிடலாம். மாற்றியைத் தவிர்க்க இயலாத இடத்தில், அதன் பெருக்கெண், கூட்டெண், வீச்செல்லை, வடிப்பான் நேரம், மின்தடையின் அளந்த மதிப்பு ஆகிய ஐந்தும் முறையியல் இயலில் இடம்பெற வேண்டும். காற்றாலைகளின் திறனளவுச் சோதனைக்கான ஐ.இ.சி. 61400-12-1 தரநிலை தரவுப் பதிவு அமைப்பின் ஐயப்பாட்டையும் கணக்கில் சேர்க்கக் கோருகிறது. வணிக ஒப்பந்தத்துக்குத் தேவைப்படும் அந்த நேர்மையை முனைவர் பட்டத்துக்கு வேண்டாம் என்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

சோதனைக்கு அரை மணி நேரம் போதும். காற்றுமானியின் இணைப்பைக் கழற்றி, அதே முனைகளில் அலையாக்கி ஒன்றிலிருந்து 10 ஹெர்ட்ஸ் செலுத்த வேண்டும். சுருள் வகைக்குச் சைன் அலை, ஸ்விட்ச் வகைக்குச் சதுர அலை. மாற்றியின் வெளிவாயில் 6.56 மில்லிஆம்பியர், மின்தடையின் இருமுனையில் 1.64 வோல்ட், திரையில் 8.00. பிறகு 60 ஹெர்ட்ஸ், திரையில் 46.25 வர வேண்டும். 37.5இல் நின்றுவிட்டால் மின்கலத்தைப் பார்க்க வேண்டும்.