கிறிஸ்தவர் யார் என்று யார் சொல்வது?

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் காலனி ஒன்றில் ஒரு பாட்டி இறந்தார். குழந்தையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது சி.எஸ்.ஐ. சபை. வாழ்க்கைப்பட்ட வீடு ஆர்.சி. கடைசிக் காலத்தில் மகளோடு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்தார். உடலை வீட்டில் கிடத்திவிட்டு மூன்று பக்கமும் பேச்சு நடந்தது. ‘எங்கள் பதிவேட்டில் பெயர் இல்லை’ என்றார் ஒருவர். ‘அவர்கள் முறைப்படி அடக்கம் செய்யக் கூடாது’ என்றார் இன்னொருவர். ‘அவர்கள் கிறிஸ்தவர்களே இல்லை’ என்ற சொல்லும் விழுந்தது. பொழுது சாய்ந்த பிறகு, காலனிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஓடைக்கரைச் சுடுகாட்டில் குழி வெட்டினோம். பாட்டி எந்தச் சபை என்பதில் நமக்குள்தான் சந்தேகம். எந்தச் சுடுகாடு என்பதில் ஊருக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை.

இந்தச் சண்டையின் வேரைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கி.பி. 325-ல் நிசேயா சங்கத்தில் வகுத்த விசுவாச அறிக்கையைத்தான் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் லுத்தரனும் இன்றும் தங்கள் விசுவாசமாகச் சொல்கிறார்கள். 1054-ல் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பிரிந்தன. 1517-ல் லுத்தர் எழுந்தார். 1534-ல் இங்கிலாந்து மன்னர் போப்பை விட்டு விலகினார். அவர்கள் நாட்டுச் சண்டைகள் கப்பலேறி வந்து, நம் காலனிகளில் தெருவுக்கு ஒரு பெயர்ப்பலகையாக நிற்கின்றன.

வந்த இடத்தில் அவற்றில் சில ஒன்றாகவும் சேர்ந்தன. வட ஆற்காட்டுச் சேரிகளுக்குள் வந்த ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினர் 1853-ல் தொடங்கியது. அது 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தது. அந்தச் சபையும் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் இணைந்து 1947 செப்டம்பர் 27-ல், சென்னை கதீட்ரலில் சி.எஸ்.ஐ. ஆயின. வெள்ளைக்காரர்கள் நூற்றாண்டுகளாகக் கட்டிக் காத்த வேலிகளை இங்கே பிடுங்க முடிந்திருக்கிறது.

‘நேற்று முளைத்தவர்கள்’ என்று சிலர் ஏளனம் செய்யும் பெந்தெகொஸ்தேக்கும் ஒரு கதை உண்டு. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் அந்த எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெற்றோரின் மகன். அதற்கு முன் வேதாகமப் பள்ளிக்குப் படிக்கப் போனபோது, வெள்ளையரோடு அவரை உட்கார விடவில்லை. வகுப்புக்கு வெளியே இருந்துதான் பாடம் கேட்டார். வாசலுக்கு வெளியே உட்காருவது நமக்குத் தெரியாத சங்கதியா?

எல்லாச் சபைகளுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. அது சாதி. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் 1718-ல் கட்டிய ஆலயத்தில் சாதி பார்த்தே உட்கார வைத்தார்கள். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வெளியேறினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிந்தது. எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். உபதேசத்தில் வேறுபட்ட சபைகள் இதில் மட்டும் ஒத்துப்போயின.

அரசு என்ன செய்கிறது? 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் 3-வது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்க் தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-ல் தீர்ப்பு வந்தது.

2024 நவம்பர் 26, அரசியல் சாசன நாள். அன்று செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் அப்பா வள்ளுவன் சாதி இந்து, அம்மா கிறிஸ்தவர். தான் இந்து என்றே அவர் சொன்னார். ஆனால் குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானமும் அவர் ஆலயத்துக்குப் போய்வந்ததும் அவருக்கு எதிராக நின்றன. பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை என்றாகிவிட்டது. குழந்தை ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை என்று நம் தெருவில் பாதிப் பேர் வாதாடுகிறார்கள். சபைகள் ஒத்துக்கொள்ளாத அந்தத் தண்ணீரை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ‘நீ எந்தச் சபை?’ என்று அது கேட்கவில்லை. சலுகையைப் பறிக்கும்போது எல்லாரும் ஒரே கிறிஸ்தவர்கள்.

இன்னொரு முரணும் உண்டு. இந்து மதத்துக்குத் திரும்பி, சாதியாரும் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி மீண்டும் கிடைக்கும் என்று 2015-ல் கே.பி.மனு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியானால் சாதி எங்கேயும் போகவில்லை. நாம் திரும்பி வருவதற்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இது ஏட்டுச் சட்டமாக நிற்பதில்லை. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், அந்த 26.5 சதவீதத்துக்குள், நிலமும் தறியும் கடையும் வைத்திருப்பவர்களோடு போட்டி போடுகிறோம். தனித் தொகுதியாகும் பஞ்சாயத்தில் நம்மால் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தாலும் வன்கொடுமைச் சட்டம் கைகொடுப்பதில்லை. பக்கத்து ஆந்திராவில் ஒரு பாஸ்டர் கொடுத்த புகாரில், அவர் கிறிஸ்தவர் என்பதால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2025-ல் உயர் நீதிமன்றம் கூறியது. திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் 1960 வரை சித்தூர் மாவட்டம்தான். எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். அதனால்தான் நம்மில் பலர் தாலுகா ஆபீஸில் ‘இந்து ஆதிதிராவிடர்’, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேறு பெயர். அதைப் பொய் என்று ஏசுவது சுலபம். மகளின் காலேஜ் சீட்டா, மனசாட்சியா என்று ஒரு தகப்பனை நிறுத்தும் சட்டத்தை ஏசத்தான் ஆளில்லை.

‘உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை?’ என்று கேட்பவர்கள் நம் சுடுகாட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ‘நீங்கள் வந்தால் எங்கள் பங்கு குறையுமே’ என்று இந்து தலித் உறவுகள் கேட்பது வேறு. அது நியாயமான அச்சம். அதற்குப் பதில் 18 சதவீதத்துக்குள் அடித்துக்கொள்வது அல்ல. ஆள் கூடினால் அளவும் கூட வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே கேட்க வேண்டும். 3-வது பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அறிக்கை கொடுத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022-ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து, அதற்கும் தவணை நீட்டியது.

ஆணையத்துக்கும் அரசுக்கும் மனு எழுதும்போது சபைக்கு ஒரு மனு, பாஸ்டருக்கு ஒரு லெட்டர்பேடு என்று போனால் நம்மை யார் மதிப்பார்கள்? ஃபாதரும் ஐயரும் பாஸ்டரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தாளில் தங்கள் சபைக்குள் இருக்கும் சாதியையும் ஒளிக்காமல் எழுதட்டும். ‘எங்களிடம் சாதி இல்லை’ என்று மேடையில் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் சூசைக்கு எதிரான சாட்சிதான்.

அதற்கு முன்னால், காலனிக்குள் நாமே செய்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த சாவு எந்த வீட்டில் விழுந்தாலும், எந்தச் சபை என்று கேட்காமல் மூன்று சபையாரும் பாடைக்குத் தோள் கொடுப்போம். பாட்டியின் உடலை அன்று அந்தி வரை காக்க வைத்தவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல, நாம்தான்.